யவீரு காத்திருந்த நேரம்

"ஒரு நிமிஷம் பேசலாமா?" என்று கேட்டு வருகிறவர்கள் யாரும் ஒரு நிமிடத்தில் எழுந்து போவதில்லை. கேட்கிறவருக்கும் அது தெரியும், "அதுக்கென்ன, உட்காருங்க" என்று சொல்கிறவருக்கும் தெரியும். இரண்டு பேரும் சேர்ந்து சொல்லிக்கொள்ளும் சின்னப் பொய் அது. பாதியில் நிற்கும் வேலை, ஆறிப்போகும் காபி, மனதுக்குள் ஓடும் கடிகாரம் எல்லாம் ஒரு பக்கம் இருக்க, முகத்தில் ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

இப்படி ஒருவர் நடுவில் வந்து நிற்பதற்கு இன்றைய தமிழில் நல்ல பெயர் இல்லை. குறுக்கீடு, இடையூறு, இடைஞ்சல், தொந்தரவு. எல்லாமே வந்தவரைக் குற்றவாளியாக்கும் சொற்கள். "தொந்தரவு பண்ணிட்டேனா?" என்ற மன்னிப்போடுதான் பேச்சே ஆரம்பிக்கிறது. ஆனால் பழைய தமிழில் 'விருந்து' என்றால் புதுமை. தொல்காப்பியம் அந்தப் பொருளில் அதைப் பயன்படுத்துகிறது. விருந்தினர் என்றால் புதிதாக வந்தவர், சொந்தக்காரர் இல்லை. 'அதிதி' என்ற வடசொல்லுக்குத் திதி பார்க்காமல் வருகிறவர் என்று விளக்கம் சொல்வார்கள். ஆக, முன்கூட்டிச் சொல்லாமல் வந்து நம் நாளைக் கலைத்துப்போடுகிறவருக்கு ஒருகாலத்தில் மரியாதையான பெயர்கள்தான் இருந்திருக்கின்றன.

கிறிஸ்தவ மரபு இந்த விஷயத்தில் கறாரானது. உன் நேரம் உன்னுடையது இல்லை, உனக்குக் கொடுக்கப்பட்டது. நீ போட்டுவைத்த திட்டத்தின் குறுக்கே ஒருவர் வந்து நின்றால், அவரை அனுப்பியது யார் என்று யோசித்துப் பார் என்கிறது. ஜெர்மானிய இறையியலாளர் டீட்ரிச் போன்ஹோஃபர் கிறிஸ்தவர்கள் கூடி வாழ்வதைப் பற்றி எழுதி 1939இல் வெளியான சிறு நூலில் இதை அழுத்தமாகச் சொல்கிறார். நல்ல சமாரியன் கதையில், அடிபட்டுக் கிடந்தவனைத் தாண்டிப் போன ஆசாரியன் ஒருவேளை வேதம் வாசித்துக்கொண்டே போயிருக்கலாம் என்று குத்தலாகச் சொல்லும் இடம் அதில் உண்டு. கத்தோலிக்கப் பாதிரியாரும் எழுத்தாளருமான ஹென்றி நௌவென் நோத்ர் தாம் பல்கலைக்கழகத்தில் சந்தித்த ஒரு முதிய பேராசிரியரைப் பற்றி எழுதியிருக்கிறார். என் வேலைக்கு ஓயாமல் இடைஞ்சல் வருகிறதே என்று காலமெல்லாம் அலுத்துக்கொண்டவர், அந்த இடைஞ்சல்கள்தான் தன் வேலை என்று பிறகுதான் கண்டுகொண்டாராம். சபைகளில் இந்தக் கதை பேர் ஊர் இல்லாமல் பல வடிவங்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. நானே நாலைந்து பிரசங்கத்தில் கேட்டிருப்பேன்.

கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம் வரும். அந்தப் பேராசிரியர் வந்தவர்களோடு பேசிக்கொண்டிருந்த நேரத்தில், அவருக்காக வேறு யாரெல்லாம் காத்துக்கொண்டிருந்தார்கள்?

சுவிசேஷத்தில் இந்தச் சந்தேகம் ஆள் உருவத்திலேயே வந்து நிற்கும் இடம் ஒன்று உண்டு. மாற்கு ஐந்தாம் அதிகாரம்.

*

யவீரு ஜெப ஆலயத் தலைவர்களில் ஒருவர். ஊரில் மதிப்புள்ள ஆள். அவர் வந்து இயேசுவின் காலில் விழுகிறார். மகள் சாகக் கிடக்கிறாள், வந்து அவள்மேல் கை வைக்க வேண்டும் என்று கெஞ்சுகிறார். பன்னிரண்டு வயதுப் பிள்ளை. இயேசு உடனே கிளம்பிவிடுகிறார். கூட்டமும் நெருக்கியடித்துக்கொண்டு கூடவே போகிறது. இன்றைய கணக்கில் இது சைரன் போட்டுப் போகிற ஆம்புலன்ஸ்.

அந்த ஆம்புலன்ஸை ஒரு பெண் நிறுத்துகிறாள். அவளுக்குப் பெயர் தரப்படவில்லை. பழைய தமிழ் வேதாகமம் அவளுடைய நோயைப் 'பெரும்பாடு' என்கிறது. உதிரப்போக்கு நிற்காமல் இருப்பதற்கான பழைய வைத்தியச் சொல். சின்ன வயதில் இதை வாசித்தபோது 'பெரிய பாடு' என்றே புரிந்துகொண்டேன். இப்போதும் அந்தப் புரிதலை விட மனமில்லை. பன்னிரண்டு வருடப் பாடு. கையில் இருந்ததை எல்லாம் வைத்தியர்களுக்குக் கொடுத்துத் தீர்த்தும் நோய் இன்னும் மோசமானதுதான் மிச்சம் என்று மாற்கு கொஞ்சம் காட்டமாகவே எழுதுகிறார். லேவியராகமச் சட்டப்படி அவள் உட்கார்ந்த இடம் தீட்டு, படுத்த பாய் தீட்டு. அதனால்தான் கூட்டத்துக்குள் பின்பக்கமாக வந்து, யாருக்கும் தெரியாமல் அவருடைய துணியைத் தொடுகிறாள்.

தொட்டதுமே குணமாகிவிடுகிறது. இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். என்னைத் தொட்டது யார் என்று இயேசு திரும்பிக் கேட்பதற்கு முன்பே அவள் குணமாகிவிட்டாள். அவர் நடையை நிறுத்தாமல் போயிருந்தாலும் அவள் தேடி வந்தது அவளுக்குக் கிடைத்திருக்கும். வைத்தியக் கணக்கில் அந்த நிறுத்தம் தேவையே இல்லை. சீடர்களுக்கும் எரிச்சல்தான், இத்தனை பேர் மேலே விழுந்து இடிக்கிற கூட்டத்தில் யார் தொட்டது என்று கேட்டால் எப்படி? அவர் விடுவதாக இல்லை. சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். கடைசியில் அவள் நடுங்கிக்கொண்டே முன்னால் வந்து, நடந்ததை எல்லாம் சொல்கிறாள்.

எல்லாம் என்றால் எவ்வளவு நேரம்? எந்தெந்த வைத்தியர், எவ்வளவு காசு, வீட்டில் யார் என்ன சொன்னார்கள், எந்தக் கல்யாணத்துக்குப் போக முடியாமல் போனது. நம்மூர் அம்மாக்கள் நோய்க்கதை சொல்லிக் கேட்டவர்களுக்குத் தெரியும், அது ஐந்து நிமிடத்தில் முடிகிற விஷயமே இல்லை. இயேசு நின்று கேட்கிறார். கேட்டுவிட்டு அவளை 'மகளே' என்று கூப்பிடுகிறார். அவர் பேசி முடிப்பதற்குள் யவீருவின் வீட்டிலிருந்து ஆள் வந்துவிடுகிறது. மகள் போய்விட்டாள், இனிப் போதகருக்கு எதற்குச் சிரமம் என்று.

பிரசங்கங்களில் இந்த இடத்தில் அந்தப் பெண்ணின் விசுவாசத்தைப் பற்றிப் பேசுவார்கள், இயேசுவின் மனதுருக்கத்தைப் பற்றிப் பேசுவார்கள். என் கண் யவீருவின் மேல்தான் போகும். அந்த உரையாடல் நடந்த நேரம் முழுக்க மனிதர் பக்கத்திலேயே நின்றிருக்கிறார். மாற்கு அவருக்கு ஒரு வார்த்தைகூடத் தரவில்லை. கத்தினாரா, கையைப் பிடித்து இழுத்தாரா, தலையைக் குனிந்துகொண்டு நின்றாரா, எதுவும் எழுதப்படவில்லை. இயேசுவின் பொறுமை என்று நாம் புகழ்கிறோமே, அதற்கான விலையை அந்த நிமிடங்களில் அவர்தான் கட்டிக்கொண்டிருந்தார். அவரைவிட அதிகமாகக் கட்டியது வீட்டில் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்த ஒரு சிறுமி.

கடைசியில் எல்லாம் சரியாகிவிடுகிறதே, அந்தப் பிள்ளை எழுந்து நடக்கிறாளே என்று சொல்லலாம். நடக்கிறாள். ஆனால் அந்த வசதி நம் கையில் கிடையாது. நாம் வழியில் நின்றுவிட்டால், அந்தப் பக்கம் காத்திருந்தவர் இழந்தது இழந்ததுதான்.

இந்த விஷயத்தைப் பற்றிய பக்திப் பேச்சில் பெரும்பாலும் இரண்டே பேர் இருப்பார்கள்: நான், என்னை வந்து மறித்தவர். என்னுடைய நேரத்தை அவருடைய தேவைக்குக் கொடுப்பேனா மாட்டேனா என்பதுதான் கேள்வி. அப்படி வைத்துக்கொண்டால் விடை சுலபம். சுயநலத்தை விடு, தீர்ந்தது. மாற்கு மூன்றாவதாக ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறார். அப்புறம் விடை சுலபமாக இல்லை.

*

ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த சோதனை ஒன்று 1973இல் வெளியானது. மொத்தம் 40 மாணவர்கள். ஒவ்வொருவரும் பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் ஒரு சிறு உரை ஆற்ற வேண்டும். சிலருக்குத் தலைப்பு நல்ல சமாரியன், மற்றவர்களுக்கு வேலைவாய்ப்பு. சிலரிடம், "நேரமாகிவிட்டது, அங்கே உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள், ஓடுங்கள்" என்று சொல்லி அனுப்பினார்கள். சிலரிடம் இப்போது கிளம்பினால் சரியாக இருக்கும் என்றார்கள். இன்னும் சிலரிடம், நேரம் இருக்கிறது, மெதுவாகவே போகலாம் என்றார்கள். வழியில் ஒரு சந்தில் ஒரு ஆள் தலை குனிந்து சுருண்டு உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார். ஏற்பாடு செய்து உட்கார வைத்த ஆள். மெதுவாகப் போகச் சொன்னவர்களில் 63 சதவீதம் பேர் ஏதோ ஒரு விதத்தில் உதவினார்கள். நடுத்தர அவசரக்காரர்களில் 45 சதவீதம். ஓடச் சொன்னவர்களில் 10 சதவீதம். சமாரியனைப் பற்றிப் பேசப் போகிறோமா, வேலையைப் பற்றிப் பேசப் போகிறோமா என்பது குறிப்பிடும்படியான வித்தியாசத்தை உண்டாக்கவில்லை.

இதைச் சொல்லி வேதம் படிக்கிறவர்களின் வேஷத்தைக் கிண்டல் பண்ணுவது வழக்கம். எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் டார்லியும் பேட்சனும் கட்டுரையின் கடைசியில் வேறொன்றைச் சொல்கிறார்கள். ஓடியவர்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று தள்ளிவிட முடியாது. பலர் போய்ச் சேர்ந்தபோது பதற்றமாக இருந்தார்கள். அவர்களை நம்பி அங்கே ஒருவர் காத்திருந்தார். ஒருவருக்கு உதவப் போய்க்கொண்டிருக்கும்போது இன்னொருவர் குறுக்கே வந்துவிட்டார். கிட்டத்தட்ட மாற்கு ஐந்தாம் அதிகாரம்தான். அவர்கள் யவீருவுக்கு விசுவாசமாக இருந்தார்கள், அதனால் அந்தப் பெண்ணைத் தாண்டி ஓடினார்கள்.

அவர்களுக்குச் சாக்குச் சொல்லவில்லை. சந்தில் இருந்தவர் கண்முன்னால் இருமிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் காத்திருந்தது உரையைப் பதிவு செய்ய வேண்டிய ஒருவர். எது பெரிது என்று சொல்ல இறையியல் பட்டம் தேவையில்லை. அவசரம் செய்கிற கெடுதல் என்னவென்றால், அந்த எடை போடுதலையே அது நடக்க விடுவதில்லை. இயேசு தெருவில் நின்றாரே, அந்த நேரத்தில் அவர் இரண்டு பேரையும் பார்த்தார் என்றாவது சொல்லலாம். ஆள் வந்து சாவுச் செய்தி சொன்ன அந்தக் கணமே, அவர் யவீருவின் பக்கம் திரும்பிப் பேசுகிறார். மறந்துபோயிருந்தால் அது அவ்வளவு சட்டென்று வராது.

*

இந்த மூன்றாவது ஆளையே நான் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் நான் வளர்ந்த வீடு. அப்பா சிஎஸ்ஐ சபையில் குருவானவர். திருநெல்வேலிப் பக்கம் குருவானவரை 'ஐயர்' என்றுதான் சொல்வார்கள், அவர் மனைவி 'ஐயரம்மா', அவர்கள் இருக்கும் வீடு 'குருமனை'. (சென்னைக்குப் படிக்க வந்தபோது "எங்கப்பா ஐயர்" என்று சொல்லி ஹாஸ்டலில் உண்டான குழப்பங்கள் தனிக்கதை.) குருமனைக் கதவு பகலில் சாத்தியிருந்து நான் பார்த்ததில்லை. ஞானஸ்நான சர்டிஃபிகேட், கல்யாண ஓலை, பையனுக்குக் காலேஜில் இடம் கேட்டு ஒரு சிபாரிசுக் கடிதம், குடித்துவிட்டு அடிக்கிற புருஷன், நடுராத்திரியில் சாவுச் செய்தி. வாசலில் "ஐயா இருக்காவளா?" என்று குரல் கேட்டால், எழுதிக்கொண்டிருக்கும் பிரசங்கத்தை மூடிவைத்துவிட்டு அப்பா எழுந்து வருவார். பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டுப் போனதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. மாற்றலாகிப் போகும்போது எல்லா ஊர்ப் பிரிவுபசாரக் கூட்டத்திலும் ஒன்றையே சொல்வார்கள்: "நம்ம ஐயா ரொம்பப் பொறுமைசாலி."

அது உண்மைதான். ஆனால் வாசலில் குரல் கேட்டதும் வீட்டுக்குள் எழுந்திருப்பது இரண்டு பேர். அப்பா முன்னறைக்குப் போவார். அம்மா, வந்திருப்பது எத்தனை பேர் என்று எட்டிப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போவாள். அம்மா ஸ்கூல் டீச்சர். திருத்த வேண்டிய பேப்பர் கட்டு மேசையில் பிரித்தபடியே கிடக்கும். பால் தீர்ந்துபோனால் கடைக்கு ஓடுவது நான். தம்பியை அனுப்பியதாக ஞாபகம் இல்லை. "ஏட்டி, அந்தத் தம்ளரை எல்லாம் கழுவி எடுத்துட்டு வா" என்ற குரல் இன்னும் காதில் இருக்கிறது. வீடு அடங்கிய பிறகு அம்மா சிவப்புப் பேனாவோடு உட்காருவாள். பிரிவுபசாரக் கூட்டத்தில் அவளுக்கு ஒரு சால்வையும், ஐயரம்மா டீயின் ருசியைப் பற்றி ஒரு வரியும் கிடைக்கும்.

அப்பா திறந்துவைத்த கதவின் பாரத்தை அம்மா சுமந்தாள் என்று சொல்வேன். பாரம் என்பது சும்மா ஒரு பேச்சுக்கு இல்லை. 'பொறு' என்ற வினைக்கே எடையைத் தாங்குவது என்ற பொருள் உண்டு. பொறை என்றால் சுமை. லத்தீனில் பொறுமைக்கான சொல், பாடுபடுதல் என்ற வினையிலிருந்து வருகிறது. புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் இதற்கு முக்கியமாக இரண்டு சொற்கள். ஹுப்பொமொனே என்றால் கீழேயே தங்கியிருப்பது, சுமை அழுத்தும்போது நகராமல் நிற்பது. மக்ரோதுமியா என்றால் கோபம் வர நெடுநேரம் ஆவது. தமிழ் வேதாகமத்தின் 'நீடிய பொறுமை', 'நீடிய சாந்தம்' எல்லாம் இதுதான். கடவுளுக்குச் சொல்லப்படுகிற குணமும் இதுவே. கோபப்பட அதிகாரம் உள்ளவர், கோபப்படாமல் இருப்பது. அப்பாவுடையது இந்த இரண்டாவது வகை. அம்மாவுடையது முதல் வகை. தமிழில் இரண்டுக்கும் பொறுமை என்ற ஒரே பெயரை வைத்துவிட்டு, பாராட்டுவதற்கு ஒருவரையும் புத்தி சொல்வதற்கு இன்னொருவரையும் தேர்ந்தெடுத்துக்கொள்கிறோம்.

"கொஞ்சம் பொறுத்துப் போம்மா." குருமனைக்கு அழுதுகொண்டு வந்த பெண்களிடம் இது சொல்லப்படுவதை டீத் தட்டோடு நிற்கும்போது கேட்டிருக்கிறேன். அடிக்கிறவனை உட்கார வைத்துச் சொல்வதைவிட அடி வாங்குகிறவளிடம் சொல்வது எளிது, அவள்தானே வந்து உட்கார்ந்திருக்கிறாள். என் அப்பாவும் சொல்லியிருக்கிறார். அவரிடம் எனக்கு இன்னும் ஆறாமல் இருக்கும் ஒரே விஷயம் அது.

அதனால், வாழ்க்கை குறுக்கிடும்போது திறந்த மனதோடு இரு என்ற போதனையை யாரிடம் சொல்கிறோம் என்று பார்க்காமல் அதற்கு ஆமென் போட எனக்கு வாய் வருவதில்லை. அறைக்கு வெளியே ஒரு உதவியாளரை உட்காரவைத்திருக்கும் மனிதரிடம் சொன்னால் அது சுவிசேஷம்தான். காலையிலிருந்து ராத்திரி வரை யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருக்கிற ஒருத்தியிடம் போய் என்ன புதிதாகச் சொல்லிவிட முடியும்? மார்த்தாள் வீட்டுக்கு இயேசு வந்த கதை அம்மாவுக்குப் பிடிக்காது. தனியாகச் சமையலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவள் வந்து முறையிட்டபோது, அவர் காலடியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த தங்கை மரியாளின் பக்கம் பேசிவிட்டாரே என்று. "எல்லாரும் உட்கார்ந்து கேட்டுக்கிட்டே இருந்திருந்தா அன்னைக்கு யாரு சாப்பிட்டிருப்பா?" என்பாள். இதற்கு நிறைய விளக்கங்கள் படித்துவிட்டேன். அம்மாவின் கேள்வி அதே இடத்தில்தான் நிற்கிறது.

*

அந்தக் கேள்வியை நேருக்கு நேர் சந்தித்த ஒரே ஆள் என்று எனக்குத் தோன்றுகிறவர் ஆறாம் நூற்றாண்டு இத்தாலியின் புனித பெனடிக்ட். துறவிகள் மடத்தில் எப்படி வாழ வேண்டும் என்று அவர் எழுதிய ஒழுங்கு நூலில் 73 சின்னச் சின்ன அதிகாரங்கள். 66ஆவது அதிகாரம் வாயில்காப்பவரைப் பற்றியது. விவரமான ஒரு வயசாளியை வாசலில் வைக்க வேண்டும். அங்கே இங்கே அலையாத வயதாக இருக்க வேண்டும். யாராவது கதவைத் தட்டினால் அவர் வாயிலிருந்து முதலில் வர வேண்டியது கடவுளுக்கு நன்றி. யார், எதற்கு என்று விசாரிப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

53ஆவது அதிகாரம் விருந்தினரைப் பற்றியது. வருகிற ஒவ்வொருவரையும் கிறிஸ்துவே வந்ததுபோல ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று தொடங்கும். எல்லோரும் மேற்கோள் காட்டுவது இந்தத் தொடக்கத்தைத்தான். கொஞ்சம் கீழே இறங்கினால் அடுப்படி வந்துவிடும். மடத்துக்கு விருந்தாளி இல்லாத நாளே இருக்காது, அவர்கள் எந்த நேரத்தில் வருவார்கள் என்றும் சொல்ல முடியாது. அதனால் மற்றவர்கள் அலைக்கழியாமல் இருக்க விருந்தினருக்குத் தனிச் சமையலறை வேண்டும். அதில் இரண்டு பேரை, வேலை தெரிந்தவர்களாகப் பார்த்து, ஒரு வருடத்துக்குப் போட வேண்டும். அவர்கள் முணுமுணுக்காமல் வேலை செய்யும்படி, தேவைப்படும்போது உதவிக்கு ஆள் கொடுக்க வேண்டும்.

முணுமுணுப்பு பெனடிக்ட்டுக்கு அறவே ஆகாத குற்றம். நூலில் பல இடங்களில் அதைக் கடிந்துகொள்கிறார். இந்த இடத்தில், சமையல்காரரே பொறுமையாக இரும் என்று புத்தி சொல்லாமல், ஆள் கூட்டச் சொல்கிறார். வாசலில் நன்றி சொல்ல ஒருவர் வேண்டுமென்றால் அடுப்படியில் எத்தனை பேர் வேண்டும் என்று அவர் கணக்குப் போட்டிருக்கிறார்.

அம்மாவுக்கு இதை வாசித்துக் காட்டினேன். இப்போது இருவருமே ஓய்வுபெற்றுவிட்டார்கள். "ரெண்டு பேரா? அதுவும் ஒரு வருஷத்துக்கு மட்டுமா?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "உதவிக்கு வேற ஆளு உண்டாக்கும்" என்றாள். அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

*

தட்டுகிற எல்லோருக்கும் எப்போதும் திறக்க வேண்டும் என்று இயேசு நடந்துகொண்டதாகவும் தெரியவில்லை. மாற்கு முதல் அதிகாரத்தில், விடிவதற்கு முன் தனியாக ஜெபிக்கப் போனவரைச் சீமோனும் கூட இருந்தவர்களும் தேடிக் கண்டுபிடித்து, எல்லோரும் உங்களைத் தேடுகிறார்கள் என்கிறார்கள். அவர் கப்பர்நகூமுக்குத் திரும்பிப் போகவில்லை. அடுத்த ஊர்களுக்குப் போகலாம் என்கிறார். அன்று காலை அந்த ஊரில் எத்தனை பேர் கட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்து ஏமாந்து திரும்பினார்களோ. தீரு நாட்டில் யாருக்கும் தெரியாமல் ஒரு வீட்டில் இருக்கப் பார்க்கிறார்; மகளுக்காக வந்து நின்ற வெளியினத்துப் பெண்ணிடம் முதலில் முடியாது என்றுதான் சொல்கிறார், அதுவும் கடுமையாக. அவள் வாதாடித்தான் அவரைத் திருப்புகிறாள். போன்ஹோஃபரின் நூலுக்குப் பின்னணியாக இருந்த ஃபிங்கன்வால்ட் குருமாணவர் பள்ளியை 1937இல் கெஸ்டபோ வந்து மூடியது. அதுவும் நடுவில் வந்ததுதான். அதைக் கடவுள் அனுப்பியதாக அவர் ஏற்றுக்கொள்ளவில்லை, எதிர்த்தே நின்று 1945இல் தூக்கிலிடப்பட்டார்.

கைப்பேசியைப் பற்றிச் சொல்லாமல் இருந்தால் ஏமாற்றுவதாகும். இதை எழுதுகிற நேரத்தில் எத்தனை முறை திரை ஒளிர்ந்தது என்று எண்ணவில்லை. ஆனால் அதில் முக்கால்வாசியை இந்தக் கணக்கில் சேர்க்க எனக்கு விருப்பமில்லை. தள்ளுபடி முடியப் போகிறது என்று தட்டுகிற செயலிக்குப் பின்னால் யாரும் சாகக் கிடக்கவில்லை. என் கவனத்தை விற்றுக் காசாக்குகிற ஏற்பாடு அது. அது செய்கிற பெரிய தீங்கு, உண்மையாகவே ஒரு ஆள் வந்து நிற்கும்போது, கொடுக்க நம்மிடம் எதுவும் மிச்சம் இல்லாமல் செய்துவிடுவது. கதவைத் திறந்து வைப்பது என்றால், சில கதவுகளை மூடியே வைப்பதும் அதில் அடக்கம்.

*

திண்டிவனத்தில் ஒரு ராத்திரி கதவு மூன்று முறை தட்டப்பட்ட கதை தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு மனப்பாடம். ஐடா ஸ்கடர் 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். தாத்தா யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் பணிசெய்த மருத்துவ மிஷனரி, அப்பாவும் மருத்துவ மிஷனரி. ஐடாவுக்கு அந்த வாழ்க்கை வேண்டாம். அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்தவர், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று கொஞ்ச நாளுக்கு மட்டும் வந்திருந்தார். அந்த ராத்திரி ஒரு பிராமணர் வந்து, பிரசவத்தில் மனைவி உயிருக்குப் போராடுகிறாள், நீங்கள் வர வேண்டும் என்கிறார். நான் டாக்டர் இல்லை, அப்பாதான் டாக்டர் என்கிறார் ஐடா. ஆண் மருத்துவரை விட முடியாது என்று வந்தவர் போய்விடுகிறார். பிறகு ஒரு இஸ்லாமியர், பிறகு இன்னொரு இந்து. மூவருக்கும் அதே வேண்டுகோள், அதே பதில். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள்.

இது ஐடாவுக்குக் கிடைத்த 'அழைப்பு' என்று சொல்லப்படும். அப்படிச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் கூசும். மூன்று பெண்கள் செத்தது ஒருவருக்கு அழைப்பு கொடுப்பதற்காகவா? குறுக்கே வருகிறவரை என் பொறுமைக்கான பயிற்சியாகவும் என் ஆத்துமாவுக்கான பாடமாகவும் பார்க்கிற பக்தி எழுத்துகளில் இந்தக் கோளாறு எப்போதும் உண்டு. வந்தவர் நமக்குப் பாடம் நடத்த வரவில்லை, அவருக்கு ஒன்று தேவைப்பட்டது. அந்த மூன்று பெண்களின் பெயர்கள்கூடக் கதையில் இல்லை.

ஆனால் ஐடா அந்த ராத்திரியைப் பாடமாக வைத்துக்கொண்டு அதோடு நின்றுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். திறந்த மனது இருந்தது. அன்றைக்கு அது ஒன்றுக்கும் உதவவில்லை. தேவைப்பட்டது ஒரு பெண் மருத்துவர். திரும்பிப் போய் மருத்துவம் படித்தார், 1899இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கினார், 1900இல் வேலூருக்கு வந்து ஒற்றைப் படுக்கையோடு மருத்துவமனையைத் தொடங்கினார். தான் ஒருத்தி எத்தனை கதவுத் தட்டலுக்கு எழுந்து போக முடியும் என்ற கணக்கும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை ஆரம்பித்தார்.

அந்த வருடங்களைப் பற்றிச் சொல்லப்படுகிறதில் எனக்குப் பிடித்தது சாலையோர மருத்துவம்தான். வேலூரிலிருந்து குடியாத்தத்துக்கு நோயாளிகளைப் பார்க்கப் போகும் வழியில் ஜனங்கள் வண்டியை மறித்தார்கள். கண் தெரியாதவர்கள், புண்ணோடு வந்தவர்கள், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்த அம்மாக்கள். மறித்த இடங்களே நாளாக நாளாக நிறுத்தங்களாகிவிட்டன. இன்ன மரத்தடியில் டாக்டரம்மா நிற்பார் என்று ஊருக்குத் தெரியும், வண்டியில் மருந்தும் உதவிக்கு ஆட்களும் இருப்பார்கள், மரத்தடியில் முன்பே ஆட்கள் வந்து உட்கார்ந்திருப்பார்கள். குறுக்கே வந்ததற்கு ஒரு இடமும் நேரமும் கிடைத்துவிட்டது.

வண்டி ஒவ்வொரு மரத்தடியிலும் நின்றபோது, குடியாத்தத்தில் விடிந்ததிலிருந்து காத்திருந்தவர்களுக்கு நேரம் தள்ளிக்கொண்டே போயிருக்கும். அவர்கள் யாரும் அந்தக் கதையில் வருவதில்லை.